கலப்பை மாட்டும் இரும்புச் சட்டம்: ஏழு போகம் பாவித்த பிறகு

எங்கள் அப்பாவின் இடது கையில் ஒரு விரல் நுனி தட்டையாக இருக்கும். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், ரொட்டவேட்டரின் (சேறு அடிக்கும் சுழல் கலப்பை) மாட்டும் பின்னுக்கும், அதாவது இரும்பு ஆணிக்கும், உழவு மெசினின் கீழ்க் கைக்கும் நடுவில் அகப்பட்டது. கீழே நின்று "வா, வா, இன்னும் கொஞ்சம்" என்று சொன்னவர் அப்பா. மெசினைப் பின்னுக்கு எடுத்தவர் மாமா. அந்த "கொஞ்சம்" ஒரு அங்குலம் கூடிவிட்டது. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் கலப்பை மாட்டும் முறை மாறவில்லை. ஒருவர் மெசினில், ஒருவர் கீழே. கையில் அலவாங்கு, வாயில் வசவு.

எங்களுக்கு வயல் தம்பலகாமத்தில். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் இரண்டு போகமும் செய்கிறோம். சொந்த வயல் கொஞ்சம், கூலி உழவுதான் அதிகம். போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி முடிவானதும் ஊரில் எல்லாருக்கும் ஒரே கிழமையில் மெசின் வேண்டும். காலையில் ஒருவருக்கு ஒன்பது கொழுக் கலப்பையால் முதல் உழவு, பகலில் இன்னொருவரின் சேற்று வயலில் ரொட்டவேட்டர், பொழுது சாய மட்டப் பலகை, இடையில் விதைநெல் மூட்டை ஏற்ற, மெசின் பின்னால் இழுக்கும் பெட்டி. ஒரு நாளைக்கு நான்கு தடவை கழற்றி மாட்டுவது சாதாரணம். தடவைக்கு இருபது நிமிடம் என்றாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். அந்த நேரத்தில் ஒரு ஏக்கருக்குக் கிட்ட உழுதுவிடலாம்.

அதனால்தான் 2021 பெரும்போகத்துக்கு முன்னர் கலப்பை மாட்டும் இரும்புச் சட்டம் ஒன்றை அடிப்பித்தேன். அந்த வருடம் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து, விதைப்பதா விடுவதா என்று ஊரே யோசித்துக்கொண்டிருந்தது. உழவுக்கு அழைப்புக் குறைவு, கையில் நேரம் இருந்தது. இப்போது ஏழு போகம் முடிந்துவிட்டது. வாங்கின புதிதில் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இரண்டாவது போகத்தில் எழுதியிருந்தால் திட்டியிருப்பேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு சில்லு மெசினின் பின்னால் கீழே இரண்டு கை, மேலே டொப் லிங்க் என்று முறுக்கி நீட்டிக் குறுக்கும் ஒரு கம்பி. இந்த மூன்று புள்ளி முறைக்கு அயர்லாந்துக்காரர் ஹரி பெர்கசன் 1926 இல் காப்புரிமை எடுத்தார். கலப்பையை வண்டிபோல் இழுத்துக்கொண்டு போகாமல், மெசினோடு ஒரே உடம்பாகச் சேர்த்து, ஹைட்ரோலிக்கால் தூக்கி இறக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. ஏறக்குறைய நூறு வருடமாக இதே மூன்று புள்ளிதான். கஷ்டம் என்னவென்றால், மூன்று புள்ளியும் ஒரே நேரத்தில் கலப்பையின் மூன்று பின்னுக்கும் நேராக வரவேண்டும். முந்நூறு நானூறு கிலோ இரும்பு சேற்றில் கொஞ்சம் சரிந்து கிடந்தால் அது எப்படி வரும்?

சட்டம் என்பது கவிழ்த்து வைத்த "ப" மாதிரி ஓர் இரும்பு. அதை மெசினின் இரண்டு கையிலும் டொப் லிங்கிலும் ஒரு முறை பூட்டிவிட்டால் அப்படியே இருக்கும். அதில் மேலே ஒரு கொக்கி, கீழே இரண்டு கொக்கி. மெசினைப் பின்னால் எடுத்து, கொக்கிகளைக் கலப்பையின் பின்களுக்கு அடியில் கொண்டுவந்து, லீவரைத் தூக்கினால் மேல் கொக்கி முதலில் பிடிக்கும். அப்புறம் கலப்பை தன் பாரத்திலேயே சாய்ந்து கீழ்ப் பின்கள் வந்து உட்காரும். கீழ்க் கொக்கிகளின் பூட்டை அடித்துவிட்டால் சரி. சீற்றில் இருந்தே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும், இடையில் ஆள் நிற்கத் தேவையில்லை. அப்பாவின் விரலை நினைத்தால், இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

இனி அது எனக்குக் கொடுத்த தலையிடி.

முதல் நாளே சட்டம் ரொட்டவேட்டரில் அழகாகப் பூட்டிக்கொண்டது. ஒன்பது கொழுவுக்குக் கொண்டுபோனால் கொக்கிகள் இரண்டும் வெளியே நிற்கின்றன. இந்த மூன்று புள்ளிப் பூட்டில் அளவுக்கு ஏற்ப வகைகள் உண்டு. என் ரொட்டவேட்டர் இரண்டாம் வகைக்குச் செய்தது, கீழ்ப் பின்களுக்கு நடுவே 825 மில்லிமீற்றர், பின்னின் தடிப்பு 28. ஒன்பது கொழுவோ ஒரு சின்ன மெசினோடு கைமாறி வந்த பழசு, முதலாம் வகை. அதில் 683 மில்லிமீற்றர், பின் 22. இவ்வளவு காலமும் எப்படி ஓட்டினோம் என்றால், மெசினின் கைகளை ஆளுக்கொரு பக்கம் நெருக்கி, பின்னுக்கு ஒரு குழாய்த் துண்டு போட்டு ஓட்டினோம். கைகள் அகலும், நெருங்கும். சட்டம் அப்படி வளைந்து கொடுக்காது. அதற்கு ஒரே அளவுதான்.

மட்டப் பலகை அதைவிட மோசம். ஊரிலேயே அடித்தது, எந்த வகையிலும் சேராது. இடது வலது பின்களே ஒரே உயரத்தில் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். பத்து வருடமாக மட்டம் வரவில்லை என்று ஓட்டுகிறவனைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒன்பது கொழுவுக்குப் பக்கத்துக்கு ஏழு சென்ரிமீற்றர் வெளியே தள்ளிப் புதுக் காதுகள் ஒட்டி, 28 மில்லிமீற்றர் பின் போட்டேன். மேல் பின்னின் உயரமும் ஒத்துவரவில்லை. சட்டத்தின் மேல் கொக்கியை ஏற்றி இறக்க இரண்டாவது ஓட்டை போட்டேன். மட்டப் பலகையை முழுக்க வெட்டி மறுபடி ஒட்டினேன். சட்டத்துக்குக் கொடுத்த காசைவிட இதற்குப் போனது கூட. யாராவது "சட்டம் என்ன விலை?" என்று கேட்டால் நான் விலை சொல்வதில்லை, "உங்களிடம் எத்தனை கலப்பை இருக்கிறது?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

அடுத்தது ஷாஃப்ட். இதை வாசிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகவேண்டாம்.

சட்டம் வந்ததும் கலப்பை மெசினில் இருந்து ஏறக்குறைய பத்து சென்ரிமீற்றர் பின்னால் போகிறது. கொழுக் கலப்பைக்கு அது ஒரு பொருட்டில்லை. ரொட்டவேட்டரை ஓட்டுவது பி.ரி.ஓ ஷாஃப்ட், மெசினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டு. அது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு குறுகும் இரண்டு குழாய். பத்து சென்ரிமீற்றர் போனால் குழாய்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் நீளம் அவ்வளவு குறையும். எனக்கு இது தெரியாது. சட்டம் செய்து தந்தவரும் சொல்லவில்லை. ஒரு நாள் வரம்பு கடக்கையில் ரொட்டவேட்டரைப் பதித்து இறக்கினேன், பி.ரி.ஓ ஓடிக்கொண்டிருந்தது. குழாய் கழன்று, மெசின் பக்கத்துப் பாதி சாட்டை மாதிரிச் சுழன்று அடித்தது. மூடி பிளந்தது, ஒரு ஹைட்ரோலிக் ஹோஸ் வெட்டுப்பட்டது. நிமிடத்துக்கு 540 சுற்று. மருமகன் மறுகரையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றான். பக்கத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் அம்மாவிடம் இன்று வரை நான் சொல்லவில்லை.

பிறகு நீளமான ஷாஃப்ட் வாங்கி, அளந்து வெட்டினேன். கலப்பை எந்த உயரத்தில் இருந்தாலும் உள் குழாயில் மூன்றில் ஒரு பங்காவது வெளிக் குழாய்க்குள் இருக்கவேண்டும். அதேபோல் அதிகம் குறுகும் நிலையில் நுனி முட்டாமல் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் பி.ரி.ஓ பெயாரிங்கை உடைத்துவிடும். நீளம் பார்க்கும்போது கலப்பையை மேலும் கீழும் ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும். தரையில் வைத்து மட்டும் அளந்தால் என் கதைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சட்டம் ஷாஃப்டை மாட்டித் தராது. அதற்கு இறங்கித்தான் ஆகவேண்டும், எஞ்சினை நிறுத்தித்தான் ஆகவேண்டும். இப்போது மெசினுக்கும் ரொட்டவேட்டருக்கும் நடுவில் ஒரு சட்டம் வேறு நிற்பதால் கை நுழைய இடம் குறைவு. முதல் போகம் முழுக்க முழங்கால் சேற்றில் புதைய, பூட்டுப் பொத்தானை அமத்திக்கொண்டு ஷாஃப்ட் நுழையும் பற்களைத் தேடியதுதான் மிச்சம். இப்போது கழற்றியதும் ஷாஃப்டை நிலத்தில் போடாமல் ரொட்டவேட்டரின் மேல் இரும்பில் ஒரு சங்கிலியால் தொங்கவிடுகிறேன். சேறு ஏறாது, பற்களில் பழைய எஞ்சின் ஒயில் ஒரு பூச்சு. அவ்வளவுதான், பாதி சிரமம் போயிற்று.

பாரத்தையும் சொல்லவேண்டும். சட்டமே நாற்பது கிலோவுக்குக் கிட்ட. கலப்பையும் பின்னால் தள்ளிப் போகிறது. ரொட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரம்பு ஏறும்போது முன் சில்லு லேசாவது முன்னைவிடத் தெரிகிறது. முன்னால் பாரக் கட்டை போட்டிருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நான் போடாமல் ஓட்டி, ஒரு தடவை ஸ்டியறிங் பிடிக்காமல் வாய்க்காலில் இறங்கினேன்.

எனக்குப் பெரிய ஏமாற்றம் பெட்டிதான். எங்கள் பக்கத்தில் மெசின் என்றால் பாதி நாள் பெட்டி இழுப்பதுதானே. நெல், விறகு, செங்கல், திருவிழாவுக்குச் சனம். பெட்டி கொழுவும்போது சட்டத்தை உயரத் தூக்கி வைத்தால் போதும் என்று நினைத்தேன். முள்ளிப்பொத்தானைப் பக்கம் போய் ஒடுக்கமான இடத்தில் திருப்பியபோது, சட்டத்தின் வலது கால் பெட்டியின் முன் பலகையைக் கிழித்துவிட்டது. ஆகவே பெட்டி இழுக்கும் நாளில் சட்டத்தைக் கழற்றவேண்டும். அதுவும் ஒரு கலப்பை மாட்டிக் கழற்றுவது மாதிரியான வேலை. விதைப்புக் காலம் முழுக்கச் சட்டம் மெசினில், வெட்டுக் காலம் முழுக்கச் சட்டம் கொட்டிலில் என்று மூன்றாவது போகத்தில் இருந்து பிரித்துக்கொண்டேன். விதைநெல் மூட்டையை இப்போது மச்சானின் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு மெசின்) இழுக்கிறது.

நல்லது என்று நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது ஒன்று உண்டு. மெசினின் வலது தூக்குக் கம்பியில் மட்டம் திருத்த ஒரு கைபிடி இருக்கும். பழைய முறையில் இடது கையை முதலில் மாட்டி, வலது பின் ஏறாவிட்டால் அந்தக் கைபிடியைச் சுற்றிக் கையை ஏற்றி இறக்கி மாட்டுவோம். டொப் லிங்கையும் அதேமாதிரி முறுக்குவோம். மாட்டி முடிந்த அவசரத்தில் இரண்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர யாருக்கு ஞாபகம்? பாதி வயல் உழுத பிறகு பார்த்தால் ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மேலோட்டம். சட்டம் வந்த பிறகு கைபிடியைத் தொடத் தேவையே இல்லை. டொப் லிங்கில் மூன்று கலப்பைக்கும் மூன்று நிறத்தில் கோடு போட்டிருக்கிறேன். உழவு ஒரே மட்டமாக வருகிறது. தண்ணீர் கட்டும்போது மேடு பள்ளம் குறைந்ததை வயல்காரர்களே சொன்னார்கள். நேரம் மிச்சமானதைவிட எனக்கு இதுதான் பெரிது.

நேரக் கணக்கும் கேட்பீர்கள். கொழுக் கலப்பை, மட்டப் பலகை என்றால் தனி ஆளாக மூன்று நான்கு நிமிடம். ரொட்டவேட்டர் ஷாஃப்டோடு பத்து நிமிடம். 2022 இல் டீசலுக்கு வரிசையில் கிடந்து, பிறகு கியூஆர் அட்டையில் அளந்து வாங்கிய நாட்களில், கலப்பை மாட்டுவதற்காக எஞ்சினை முன்னும் பின்னும் உறுமவிடாதது ஒரு உதவியாகத்தான் இருந்தது.

ஆனால் இந்த நான்கு நிமிடத்தில் சட்டத்தின் பங்கு பாதிதான். மீதி, கலப்பை நிற்கும் நிலையில் இருக்கிறது. ரொட்டவேட்டரோடு கம்பனி கொடுத்த நிறுத்துக் கால்களை ஊரில் எல்லாரும் முதல் வாரத்திலேயே கழற்றி எறிந்துவிடுவோம், நானும் அப்படித்தான். பிறகு இரண்டங்குலக் குழாயில் மறுபடி கால் செய்தேன். கொட்டிலில் ஒரு பக்கம் மட்டும் கொங்கிறீற் போட்டு, மூன்று கலப்பையும் தத்தம் இடத்தில் நிமிர்ந்து நிற்கும்படி வைத்தேன். வயலில் கழற்ற நேர்ந்தால் சேற்றுக்குள் விடுவதில்லை. வாய்க்கால் கரை மேட்டில் இரண்டு தென்னங்குற்றி போட்டு அதன்மேல் இறக்குகிறேன். கலப்பை நிமிர்ந்து நின்றால் சட்டம் இல்லாமலேயே ஏழெட்டு நிமிடத்தில் மாட்டலாம், செய்து பார்த்திருக்கிறேன். சரிந்து கிடந்தால் சட்டம் இருந்தும் பலனில்லை. மேல் கொக்கி பிடிக்கும், கீழே ஒன்று உட்காரும், மற்றது ஒரு விரல் வெளியே நின்று சிரிக்கும். அப்புறம் அலவாங்குதான்.

தேய்மானம்: முதலில் செய்த கீழ்க் கொக்கிகள் சாதாரண இரும்புத் தகடு. நான்காவது போகத்தில் பின் உட்காரும் இடம் முட்டை வடிவத்துக்குப் போய், கலப்பை லடக் லடக் என்று அடித்தது. செய்த கடையில் கேட்டால் "ஓட்டுற விதம் அப்படி" என்றார்கள். வேறு இடத்தில் லொறி ஸ்பிறிங் தகட்டில் வெட்டிப் போட்டேன், இன்னும் அப்படியே இருக்கிறது. ரூபாய் விழுந்த பிறகு இரும்பு விலையும் எங்கேயோ போய்விட்டதால் அந்த இரண்டு கொக்கிக்கே மனம் நொந்தது. பூட்டின் ஸ்பிறிங் இரண்டு தடவை மாற்றினேன். பூட்டு விழுந்ததா என்று தூக்குவதற்கு முன் ஒரு தடவை இறங்கிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

புதிதாக மெசின் வாங்குபவர் என்னிடம் கேட்டால், சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், கீழ்க் கைகளின் நுனி நீளும் வகையா என்று பார்க்கச் சொல்வேன். கொளுக்கியை விடுவித்தால் நுனி தனியாக வெளியே வரும், பின்னில் மாட்டிவிட்டு மெசினைப் பின்னால் எடுத்தால் தானே உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். கலப்பை பின்னால் தள்ளிப் போகாது, ஷாஃப்ட் மாற்றத் தேவையில்லை, பெட்டிக்கும் இடைஞ்சல் இல்லை. கிண்ணியாவில் தெரிந்தவர் ஒருவரின் மெசினில் ஓட்டிப் பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டு கலப்பைக்கு மேல் இல்லாதவருக்கும், நாளுக்கு ஒரு தடவை மட்டும் மாற்றுபவருக்கும் அதுவே போதும். என்னைப்போலக் கூலி உழவுக்கு நாளுக்கு நான்கு தடவை மாற்றுபவர், மூன்று கலப்பையையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரத் தயார் என்றால் சட்டம் செய்யலாம்.

அப்பா இன்னும் சட்டத்தை நம்பவில்லை. "கொக்கியில தொங்குற கலப்பை ஒரு நாளைக்கு விழும் தம்பி" என்பார். நான் வெளியே போன நாளில் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய முறையில் மட்டப் பலகையை மாட்டி வயலுக்குப் போய்விடுவார். போன கிழமையும் அப்படித்தான். பொழுதுபட வந்து பார்த்தேன், வலது பக்கக் கைபிடி மூன்று சுற்று இறங்கியிருந்தது.