33 என்று பொய் சொன்ன டப்பா

தர்மபுரியில் இருக்கும் நண்பன் 'பால் பைத்தான்' (ball python) என்ற பாம்பை வாங்கப் போகிறானாம். "மூணு குளிர்காலம் ஓட்டிட்டியே, அந்த தெர்மோஸ்டாட் எப்படிடா?" என்று கேட்டான். வாட்ஸ்அப்பில் தட்ட ஆரம்பித்தது நீண்டுவிட்டது, இங்கேயே போடுகிறேன்.

நான் இருப்பது ஓசூர். கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். தை மாதத்து விடியற்காலையில் என் அறைக்குள்ளேயே 19 டிகிரிக்கு இறங்கிவிடும். என் பாம்புக்கோ (பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வதால் பெயர் உருண்டை) ஒரு பக்கம் 31 முதல் 33 வரை வேண்டும், மறுபக்கம் 26 ஒட்டி இருந்தால் போதும். மேற்கு ஆப்பிரிக்க வெயிலுக்குப் பிறந்த உடம்பு. மூன்றடி கண்ணாடித் தொட்டி, ஒரு ஓரத்தில் அடியில் 20 வாட் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு). அதைப் போட்டு அணைக்க, மீன் தொட்டிக்காரர்களும் இன்குபேட்டர் செய்பவர்களும் வாங்கும் அதே தெர்மோஸ்டாட்: கறுப்பு டப்பா, சிவப்பு எண். கம்பெனிப் பெயர் எதற்கு, எல்லாம் ஒரே அச்சுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போய் வந்தால் வைத்த எண்ணை மறக்காது. நாள் முழுக்க மேட் எரிந்தாலும் அரை யூனிட்கூட ஆகாது. சத்தம் மட்டும் உண்டு: மேட்டைப் போட்டு அணைக்கும் உள் சுவிட்ச், அதாவது ரிலே, ஒவ்வொரு முறையும் 'டக்' என்னும். முதல் வாரம் அம்மா அதைப் பல்லி சகுனம் என்று நினைத்துத் திசை பார்த்துக்கொண்டிருந்தார்.

என் ஆத்திரமெல்லாம் அந்தச் சென்சார் வயர் மேல்தான். டப்பாவுக்குக் கண் அது ஒன்றுதான். அதன் நுனி எங்கே கிடக்கிறதோ அந்த இடத்துச் சூடுதான் தொட்டியின் சூடு என்று நம்பும். முதல் வருடம் உருண்டை அதை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டது. டப்பா 24 என்று படித்து மேட்டை நிறுத்தாமல் எரித்தது. நல்லவேளையாகப் பகல், நான் வீட்டில் இருந்தேன். டேப் போட்டு ஒட்டலாமே என்பீர்கள். தொட்டிக்குள் டேப் கூடவே கூடாது, செதிலில் ஒட்டினால் தோலோடு வரும். பிறகு மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளியிலேயே செருகினேன்.

போன ஜனவரியில் நடந்ததுதான் பெரிது. டப்பா சமர்த்தாக 33 காட்டிக்கொண்டிருந்தது. எலி கொடுத்து நாலாவது நாள், உருண்டை அதைப் பாதி செரிக்காமல் கக்கிவிட்டது. நாற்றம் வார்த்தையில் அடங்காது. தரையில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது, எண் மட்டும் 33.

பாலக்கோட்டில் நாட்டுக்கோழி வைத்திருக்கும் சித்தப்பா வந்தார். தெர்மாகோல் பெட்டியில் இதே டப்பாவைப் பொருத்திக் குஞ்சு பொரிப்பவர். "ஏன்டா, வெறும் எண்ணையா நம்புவ?" என்றார். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் சென்சாரும், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும். தெர்மாமீட்டரில் 36.1, டப்பாவில் 43. வயரை விரலில் வளைத்துக் காட்டினார்: நுனிக்கு அரை அங்குலம் முன்னால் மயிரிழை வெடிப்பு. ஈரப்பதத்துக்காக நான் தினமும் அடித்த தண்ணீர் அடியில் கசிந்து அதில் புகுந்திருக்கிறது. சென்சாருக்குள் இருக்கும் சின்ன மணியின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். ஈரம் பட்டாலும் குறையும். டப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான், 'சூடு போதும்' என்று மேட்டை அணைத்துவிடும். புது வயர் அறுபது ரூபாய். உருண்டைக்கு இரண்டு வாரம் பட்டினி.

சித்தப்பா இன்னொன்றும் செய்தார். ஸ்டேஷனரிக் கடையில் தெர்மாகோல் ஷீட் வாங்கி, தொட்டியின் மூன்று பக்கமும் வெளியே ஒட்டினார். மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அவ்வளவாக ஏற்றாது. ஷீட் வந்தபின் குளிர்ந்த பக்கம் 22லிருந்து 25க்கு ஏறியது, ரிலே அடிப்பதும் பாதியானது. மூன்று வருடத்தில் உருப்படியாக வாங்கியது அந்த ஷீட்தான்.

நண்பா, உன் ஊரில் குளிரைவிடச் சித்திரை வெயில்தான் உனக்குப் பிரச்சினை. அறையே 36 ஆனால் எந்த தெர்மோஸ்டாட்டும் மேட்டை அணைப்பதோடு சரி, குளிர வைக்காது. தரைத்தளத்து அறையாகப் பார். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்யாமல் பாம்பை வைத்திருக்காதே. நம்மூர் சாரை, மலைப்பாம்பு பக்கம் போகவே போகாதே, 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது.

டப்பாவைக் கேட்டாய். வாங்காதே. எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. போன வாரம் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், அதே டப்பா, குளிர்ந்த பக்கத்துக்கு. கூடவே மூன்று சென்சார் வயர்.