சேலத்து வெயிலைத் தாங்கும் கான்வாய்: டக்காரா டோமி எம்.பி.-10 மதிப்புரை

ஜப்பானின் டக்காரா டோமி நிறுவனம் 2011இல் வெளியிட்ட, லாரியாகவும் ரோபோவாகவும் உருமாறும் எம்.பி.-10 கான்வாய் இன்று புதிய பொம்மை அல்ல. மாஸ்டர்பீஸ் என்னும் அதே வரிசையில் 2019இல் எம்.பி.-44 வந்துவிட்டது, நுட்பத்திலும் விலையிலும் அது பல படி மேலே போயிருக்கிறது. இருந்தாலும், சேலத்தில் இருந்துகொண்டு உருமாறும் ரோபோ பொம்மைகளையும் அனிமே உருவங்களையும் சேர்க்கிற ஒருவர், பெரியதாக ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்கலாம் என்று கேட்டால், நான் எம்.பி.-10ஐத்தான் சொல்வேன். கண்ணாடி அலமாரிக்குள் நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்காக மட்டுமல்லாமல், கையில் எடுத்து மறுபடி மறுபடி உருமாற்றுவதற்காகவே யோசித்துச் செய்யப்பட்ட பொம்மை அது. நம் ஊர்க் கோடையையும் அது தாங்குகிறது. சேகரிப்பில் இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அரிது.

கான்வாய் என்பது நாம் ஆப்டிமஸ் பிரைம் என்று அறிந்த அதே தலைவனின் ஜப்பானியப் பெயர். டக்காரா (இன்றைய டக்காரா டோமி) 1980இல் தொடங்கிய டயாகுளோன் வரிசையில், 1983இல் பேட்டில் கான்வாய் என்ற பெயரில் ஒரு லாரி ரோபோ வெளிவந்தது; அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அதை வாங்கிப் பெயரும் கதையும் கொடுத்து 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்றது. அந்தப் பழைய பொம்மையில் கைமுட்டிகள் தனியாகக் கழன்று வரும், கால்கள் மனிதனைப்போல நடக்கும் நிலைக்கு வராது. கார்ட்டூனில் ஓடிப் பாய்ந்து சண்டையிட்ட உருவத்துக்கும் கையில் இருந்த பொம்மைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை மூடத்தான் 2003இல் மாஸ்டர்பீஸ் வரிசையின் முதல் பொம்மையான எம்.பி.-1 வந்தது. அது பெரியது, அச்சில் வார்த்த டை-காஸ்ட் உலோகம் மிகுந்தது, ஒரு கையால் தூக்கிப் பிடித்து நிறுத்துவதற்கே மலைப்பைத் தருவது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த எம்.பி.-10, உலோகத்தைக் குறைத்து உருவத்தையும் சிறிதாக்கியது. மற்ற மாஸ்டர்பீஸ் கார்களும் விமானங்களும் இதன் பக்கத்தில் பொருத்தமான அளவில் நிற்க வேண்டும் என்ற திட்டம் அதிலிருந்துதான் வேரூன்றியது. எடை குறைந்ததை ஒரு குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. மூட்டுகளின் ஆயுளைக் கருதினால் அந்த முடிவு சரியானது என்பது என் எண்ணம். கனமான உடலை இடுப்பு மூட்டு எத்தனை காலம் தாங்கும்?

லாரி உருவத்தை முதலில் பார்ப்போம். 2007இல் வந்த திரைப்படத்தில் ஆப்டிமஸ் நீண்ட மூக்குடைய பீட்டர்பில்ட் லாரியாக இருந்தான். எம்.பி.-10இல் இருப்பதோ, எஞ்சினுக்கு மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கும் தட்டை முகத்து லாரி. சங்ககிரி சாலையிலும் நாமக்கல் சாலையிலும் அன்றாடம் நாம் பார்த்து வளர்ந்த லாரிகளும் தட்டை முகத்தவைதான். அதனால் நீள மூக்கு லாரி நமக்கு வெளிநாட்டுப் படமாகத் தெரிய, இது பழகிய வண்டியாகத் தெரிகிறது. சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்த என் மாமாவிடம் இதைக் கொடுத்தபோது, அவர் ரோபோவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ட்ரெய்லரைக் கழற்றினார், மாட்டினார், திருப்பத்தில் எவ்வளவு மடங்குகிறது என்று மேசைமேல் ஓட்டிப் பார்த்தார்.

“கப்ளிங் வரைக்கும் ஒழுங்கா யோசிச்சிருக்கறானுங்க கண்ணு. முன்னால மூஞ்சி தட்டையா இருக்கறதால நம்மூரு வண்டியாட்டமே தெரியுது.”

“இதுல ஆளும் உண்டுங்க மாமா, பாருங்க” என்று கூடவே வரும் ஸ்பைக் என்னும் சிறுவனின் குட்டி உருவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அதை உற்றுப் பார்த்துவிட்டு, டிரைவர் இல்லாத வண்டி எதற்கு என்று கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது.

உருமாற்றத்துக்கு வருவோம், இந்தப் பொம்மையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. லாரியின் பின்பாதி முழுவதும் கால்கள். அதை நீட்டிப் பிரித்துப் பாதங்களை மடக்கி இறக்கினால் கீழ்ப்பாதி முடிகிறது. கேபினின் பக்கங்கள் விலகிக் கைகளும் தோள்களும் ஆகின்றன. புகைக்குழாய்கள் தோளோடு போய் நிமிர்ந்து நிற்கின்றன. கேபினின் முன் கண்ணாடி மார்பாகவும், அதன் கீழே உள்ள கிரில் வயிறாகவும் மாறுகிறது. உள்ளே மறைந்திருந்த தலை மேலெழுகிறது. இந்த உருமாற்றத்தில் எங்கும் எந்தப் பகுதியையும் தனியாகக் கழற்றி வைக்க வேண்டியதில்லை. எந்தத் துண்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விரலுக்கே விளங்கிவிடுகிறது. முதல் சில முறை வழிகாட்டித் தாளைப் பார்த்துவிட்டால் அப்புறம் தாள் தேவைப்படாது. எம்.பி.-44 கார்ட்டூன் உருவத்துக்கு இன்னும் நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நெருக்கத்துக்காக மெல்லிய தகடுகள் பல அடுக்காக மடிந்து உள்ளே போகின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் அந்தப் பொம்மையை யாரும் அடிக்கடி மாற்றமாட்டார்கள். மாற்றாமல் விட்ட உருமாறும் பொம்மை வெறும் சிலை.

மூட்டுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோளையும் இடுப்பையும் அசைக்கும்போது ராட்செட் என்னும் பற்சக்கரத்தின் பல் ஒவ்வொன்றாக விழுந்து டக், டக் என்று கேட்கும். உராய்வை மட்டும் நம்பிய மூட்டு நாளாக ஆகத் தளரும். பல் விழுந்து நிற்கும் மூட்டு, துப்பாக்கியை நீட்டிப் பிடித்த கையைக்கூட அப்படியே நிறுத்தி வைக்கும். இடுப்பு திரும்புகிறது, முட்டியும் முழங்கையும் மடங்குகின்றன. மார்புக் கண்ணாடிகளைத் திறந்தால் உள்ளே மேட்ரிக்ஸ், கதையில் தலைவன் நெஞ்சில் சுமக்கும் சக்திப் பொருள். அதை வெளியே எடுக்கவும் முடியும். லாரியாக இருக்கும்போது துப்பாக்கி மடங்கி முதுகுக்குள் ஒளிந்துகொள்வதால், தனியே வைத்துத் தொலைத்துவிடும் கவலை இல்லை. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அதை வடிவமைத்தவரை மெச்ச வேண்டும்.

ட்ரெய்லரைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. திறந்தால் போர்த்தளமாக விரிகிறது, ரோலர் என்னும் சிறு வண்டி உள்ளே நிற்கிறது, 2012இல் வந்த எம்.பி.-12 லம்போர் போன்ற காரையும் உள்ளே ஏற்றிவிடலாம். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அது அலமாரியில் ஒரு முழுத் தட்டைப் பிடித்துக்கொள்ளும் வெற்றுப் பெட்டி. செவ்வாய்ப்பேட்டை வீடுகளைப்போலச் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் வாழ்கிறவர் முதலில் இடத்தை அளந்துகொள்வது நல்லது. எங்கள் வீட்டில் நவராத்திரியின்போது கொலுப்படிக்குக் கீழே போடும் பார்க்கில் இந்த லாரியும் ட்ரெய்லரும் வருடந்தோறும் நிற்கும். வந்து பார்க்கும் குழந்தைகள் செட்டியார் பொம்மைக்கு முன்னால் நிற்பதைவிட அதற்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

வெயில் என்று தொடக்கத்தில் சொன்னேன். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியை ஒட்டி ஏறும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் இரவிலும் அனல் இறங்காது. அனிமே உருவங்கள் பெரும்பாலும் பி.வி.சி., ஏ.பி.எஸ். என்ற இரண்டு பிளாஸ்டிக்குகளின் கலவையில் வருகின்றன. பாண்டாய் 2008இல் தொடங்கிய எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ், அதே ஆண்டில் மேக்ஸ் ஃபேக்டரி தொடங்கிய ஃபிக்மா, 2006இல் குட் ஸ்மைல் கம்பெனி தொடங்கிய நெண்டோராய்டு ஆகிய மூன்றிலும் தலைமுடி, உடைமடிப்பு, வாள் போன்ற மென்மையான பகுதிகளுக்கு பி.வி.சி. இன்றியமையாதது. அதை நெகிழ்வாக வைப்பதற்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள், சூட்டிலும் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள்ளும் மெல்ல மேற்பரப்புக்குக் கசியும். விரல் வைத்தால் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். நீண்ட வாள் தன் எடையிலேயே சாயும். சாய்ந்த வாளை வெந்நீரில் சற்று வைத்து நிமிர்த்தி உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நிமிர்ந்துவிடும், பிசுபிசுப்பை மிதமான சோப்பு நீரில் கழுவிவிடலாம். ஆகவே அவற்றை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முக அழகில் ஃபிகுவார்ட்ஸை மிஞ்ச இந்தக் கான்வாயால் முடியாது. ஆனால் கெட்டியான ஏ.பி.எஸ்.இல் பெரும்பாலும் செய்யப்பட்ட எம்.பி.-10க்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. அதற்குப் பகை சூடு அல்ல, நேரடி வெயில். ஜன்னலோரம் வைத்தால் புற ஊதாக் கதிர் பட்டு வெளிர் பகுதிகள் மஞ்சளாகும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே அலமாரி வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

மலைமேல் கதை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் என் அத்தை மகன் இதே வகைப் பொம்மைகள் சேர்க்கிறார். அங்கே சூடு இல்லை, ஈரம் உண்டு. மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மூட்டுகளைக் கோக்கும் எஃகுப் பின்களிலும் திருகுகளிலும் துரு பிடிக்கும், அட்டைப் பெட்டியில் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அலமாரியில் போட்டு, அவ்வப்போது வெயிலில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார். பீரோவில் துணிக்குப் போடும் அந்துருண்டையைப் பொம்மை அலமாரியில் மட்டும் போடக்கூடாது. அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். துரு பிடித்த பின்னைத் தட்டி எடுப்பதற்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உதவுகிறார். கொலுசின் திருகாணியைப் பொருத்தும் அதே பொறுமையோடு, மெல்லிய ஊசியை வைத்துச் சிறு சுத்தியால் ஒரே தட்டில் பின்னை வெளியே தள்ளியதை அருகே நின்று பார்த்தேன். சுற்றியிருந்த வண்ணத்தில் கீறல்கூட விழவில்லை. உதிரி பாகம் தேடி அலையும் நமக்கு இப்படிப்பட்ட கைகள் ஊரிலேயே இருப்பது பெரிய துணை.

விலைதான் கசப்பான பகுதி. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமாகிவிட்டது. குழந்தைகளின் பாதுகாப்புக்காக வந்த விதி அது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம்மைப் போன்றவர்கள் தேடும் ஜப்பானியப் பொம்மை சேலத்துக் கடைக்கு வந்து சேர்வது இதனால் இன்னும் கடினமாயிற்று. ஐந்து ரோட்டிலும் சின்னக் கடை வீதியிலும் கிடைப்பவை பெரும்பாலும் சிறுவர்களுக்கான எளிய உருமாறும் பொம்மைகள். எம்.பி.-10 வேண்டுமென்றால் மறுவெளியீட்டுக்குக் காத்திருந்து வரவழைக்கலாம். இல்லாவிட்டால் மற்றொரு சேகரிப்பாளரிடமிருந்து வாங்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் போலி நுழைகிறது. எம்.பி.-10 அளவுக்கு நகலெடுக்கப்பட்ட மாஸ்டர்பீஸ் குறைவு. அசலைவிடப் பெரிதாக்கி, உலோகம் கூட்டி விற்கும் நகல்களும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு விலையில் கிடைக்கிறதே என்று அம்மாப்பேட்டை நண்பர் ஒருவர் வாங்கினார். பெட்டியைத் திறந்ததும் பெயின்ட் நெடி அடித்தது, ஒரு தோளில் ராட்செட் பல் சரியாக விழுந்தது, மறு தோள் தொளதொளவென்று தொங்கியது. நிறமற்ற நகப்பூச்சை மூட்டில் தடவிக் காயவிட்டு இறுக்கினோம்; கொஞ்ச காலம் நின்றது. வசதி இல்லாதவர் நகலை வாங்குவதை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் இந்தப் பொம்மையின் சிறப்பு முழுவதும் மூட்டுகளின் துல்லியத்தில் இருப்பதால், நகலில் கைக்குக் கிடைப்பது உருவம் மட்டுமே. அந்தப் பணத்துக்கு ஹாஸ்ப்ரோவின் வாயேஜர் என்னும் நடுத்தர அளவு அசல் பொம்மை ஒன்றை வாங்குவது மேல்.

பழைய பொம்மையாக வாங்குகிறவர், பணம் அனுப்பும் முன்பு, உடலின் பின்புறம் அச்சிட்ட நிறுவன முத்திரையை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். இரண்டு தோள்களையும் அசைக்கும் காணொளியை ஒலியோடு கேட்டு வாங்க வேண்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி டக் என்று விழுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். புகைக்குழாய்களின் நுனி உடையாமல் இருக்கிறதா, மார்புக் கண்ணாடிகளின் கீல் விரிசல் விடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடாரி, துப்பாக்கி, மேட்ரிக்ஸ், ரோலர் ஆகியவற்றோடு ஸ்பைக்கையும் ஒரே படத்தில் வரிசையாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய பெட்டிகளில் முதலில் காணாமல் போவது அந்தச் சிறுவன்தான்.