நைட்விஷ்: கீபோர்டு ஆர்கெஸ்ட்ரா வேஷம் போட்ட காலம்

ஃபின்லாந்து மெட்டல் (கனமான கிட்டார் ராக்) குழுவான நைட்விஷ் எனக்கு அறிமுகமானது நண்பன் ரைட் பண்ணிக் கொடுத்த ஒரு எம்பி3 சிடியில். பாட்டுகளெல்லாம் அகர வரிசையில் கிடந்தன, எது எந்த ஆல்பம் என்று எழுதவும் இல்லை. ஒரு பாட்டில் ரெண்டு காலாலும் அடிக்கும் டபுள் பேஸ் டிரம்ஸ் குதிரை மாதிரி ஓட, அதற்கு மேலே ஒரு ஓப்பரா குரல் கண்ணாடி உடையும் உயரத்தில் பறக்கும். அடுத்த பாட்டில் வேகம் பாதி, கிட்டார் கனமாக உறுமும், பின்னால் நிஜமான வயலின்கள், கூடவே ஒரு ஆண் குரல் கரகரவென்று கத்தும். ரெண்டும் ஒரே குழுதான் என்று நம்பவே சில நாள் ஆனது. இருபது வருஷத்துக்குப் பக்கமாகக் கேட்ட பிறகும் அந்த முதல் சந்தேகம் முழுசாகப் போகவில்லை.

ஃபின்லாந்தின் கிழக்கு ஓரம், ரஷ்ய எல்லைக்கு அருகே 'கிட்டே' என்ற பெயருள்ள சின்ன ஊர். 1996-இல் கீபோர்டுக்காரர் துவோமாஸ் ஹோலோபைனன், கிட்டாரிஸ்ட் எம்ப்பு வூரினன், பாடகி தார்யா துருனன் மூவரும் ஆரம்பித்தபோது மெட்டல் திட்டமே கிடையாது. தீமூட்டிச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி அகூஸ்டிக் (மின் ஒலிபெருக்கம் இல்லாத) இசைதான் யோசனை. ஆனால் தார்யா மேற்கத்திய சாஸ்திரிய முறையில் பாடக் கற்றவர். அந்தக் குரலுக்கு அகூஸ்டிக் கிட்டார் ஈடுகொடுக்கவில்லை. குரலுக்குச் சமமாக நிற்க ஏதாவது வேண்டும் என்றுதான் எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் வந்தன. இந்தக் குழுவின் பிற்காலத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்பேன். இங்கே குரல்தான் முதலில் வந்தது, மெட்டல் பிறகு.

முதல் ஆல்பம் 'ஏஞ்சல்ஸ் ஃபால் ஃபர்ஸ்ட்' (1997) உண்மையில் கொஞ்சம் பளபளப்பாக்கிய டெமோ (மாதிரிப் பதிவு). தனி பேஸ் கிட்டார் வாசிப்பாளர்கூட அப்போது இல்லை, பேஸையும் எம்ப்புவே வாசித்தார். சில பாட்டுகளில் துவோமாஸே பாடுகிறார். பாவம், தார்யா பக்கத்தில் நின்று யார் பாடினாலும் சுமாராகத்தான் கேட்கும். வருஷத்துக்கு ஒருமுறைதான் இதை எடுக்கிறேன், அதுவும் ஃபின்னிஷ் மொழிப் பகுதியோடு தொடங்கும் 'லாப்பி'க்காக.

'ஓஷன்பார்ன்' (1998) வேறு கதை. ஒரே வருஷத்தில் இப்படி ஒரு தாவலா என்று இன்றைக்கும் வியப்பு. ஸ்ட்ராடோவேரியஸ் என்ற குழு ஊன்றி வைத்த ஃபின்னிஷ் பவர் மெட்டல் (வேகமும் மெட்டும் கூடிய மெட்டல்) வேகம், அதன் மேல் முழு சோப்ரானோ, அதாவது உச்ச ஸ்தாயிப் பெண் குரல். 'பேஷன் அண்ட் தி ஓப்பரா' முடிவில் தார்யா சொல்லே இல்லாமல் ஸ்வரங்களைக் குத்திக் குத்திப் பாடும் இடம் வந்தால் இன்னும் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவேன். இந்த ஆல்பத்தில் ஆர்கெஸ்ட்ரா (மேற்கத்திய வாத்தியக் கூட்டம்) மாதிரி கேட்பதில் பெரும்பகுதி கீபோர்டு. ஹெட்போன் போட்டால் அது பொய் வயலின் என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பொய்யில் ஒரு லாபம் இருந்தது. கீபோர்டில் வரும் வயலின் ஒலி மெல்லிசானது, இடத்தை அடைக்காது. அதனால் கீபோர்டும் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட முடிந்தது. குரல் அந்த இடைவெளியில் ஏறி நின்றது.

'விஷ்மாஸ்டர்' (2000) அதே சூத்திரம்தான், இன்னும் சுத்தமான ஒலிப்பதிவோடு. ஃபின்லாந்துப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஓப்பரா உச்சரிப்பில் ஆங்கிலம் எப்படிக் குழையும் என்பதற்குத் தலைப்புப் பாட்டு நல்ல உதாரணம். அதன் வரிகளை "ஹாம்ஸ்டர், டென்டிஸ்ட்" என்று காதில் விழுந்தபடி எழுதிய கேலி வீடியோ ஒன்று யூடியூபில் பிரபலம். அதைப் பார்த்த பிறகு அந்தப் பாட்டை என்னால் சீரியஸாகக் கேட்கவே முடியவில்லை. பார்க்காதவர்கள் பார்க்காமலே இருங்கள்.

அடுத்த 'செஞ்சுரி சைல்ட்'டில் (2002) காற்று மாறுகிறது. பேஸுக்கு மார்கோ ஹியெதாலா வந்தார், கூடவே அவருடைய முரட்டுக் குரலும். நிஜ ஆர்கெஸ்ட்ராவும் உள்ளே வந்தது. தார்யாவும் ஓப்பரா உயரத்தைக் குறைத்து, கீழ் ஸ்தாயியில் சாதாரணப் பேச்சுக்குக் கிட்டத்தில் பாடத் தொடங்கினார். வேகப் பாட்டுகள் குறைந்தன. வாங்கிய புதிதில் எனக்கு இது பிடிக்கவே இல்லை. நாலைந்து வருஷம் கழித்து, மழை நாள் ஒன்றில், 'எவர் ட்ரீம்' சரியாக வந்து உட்கார்ந்தது.

'ஒன்ஸ்' (2004) உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது. லண்டனில் பதிவான பெரிய ஆர்கெஸ்ட்ரா, அதற்கான இசைக்கோர்ப்பு பிப் வில்லியம்ஸ். இங்கேதான் என் மனக்குறை. டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கிய கிட்டாரும் வயலின் கூட்டமும் கோரஸ் பாடகர் கூட்டமும் ஒலியில் ஏறக்குறைய ஒரே பகுதிக்கு அடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் யாராவது ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்கியது எம்ப்பு. ஓடியாடிய ரிஃப்புகள் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகள்) போய், தடித்த எளிய அடிகள் வந்தன, சோலோக்கள் அரிதாகின. என் பழைய சின்ன ஸ்பீக்கரில் அட்டகாசமாகக் கேட்ட ஆல்பம், நல்ல ஹெட்போனில் நெரிசலாகக் கேட்கிறது. 'ஓஷன்பார்ன்' நேர்மாறு, ஹெட்போன் நல்லதாக ஆக ஆக அது திறந்துகொண்டே போகிறது.

ஆனாலும் பத்து நிமிஷ 'கோஸ்ட் லவ் ஸ்கோர்' ஒன்றுக்காக 'ஒன்ஸ்' மேல் சொன்ன குறையில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதில் ஆர்கெஸ்ட்ரா அலங்காரம் இல்லை. நடுப்பகுதியில் குழு முழுக்க ஒதுங்கி நின்று கதையை அதன் கையில் விட்டுவிடுகிறது.

2005 அக்டோபரில் ஹெல்சிங்கி கச்சேரி முடிந்த கையோடு, பகிரங்கக் கடிதம் கொடுத்து தார்யாவை அனுப்பினார்கள். அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் என்று ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள், எனக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. அடுத்து வந்த ஆனெட் ஓல்சன் பாப் பாணிக் குரல். அவர் பாடிய 'டார்க் பேஷன் ப்ளே'யில் (2007) பாட்டுகள் நன்றாக எழுதப்பட்டவை. அவருக்குக் கிடைத்த திட்டு அநியாயம். பழைய பாட்டுகளை மேடையில் பாட வைத்ததுதான் தப்பு, அவை அந்தத் தொண்டைக்குத் தைத்த சட்டை அல்ல. 2012-இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே அவரும் போக, ஃப்ளோர் யான்சன் வந்தார். 2013-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் அவர் பாடிய 'கோஸ்ட் லவ் ஸ்கோர்' முடிவை யாரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

ஃப்ளோர் காலத்து ஆல்பங்களை மதிக்கிறேன், ஆனால் தானாகக் கை போவதில்லை. 2015 ஆல்பத்தில் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பரிணாமம் பற்றிப் பேசுகிறார், கடைசிப் பாட்டு 24 நிமிஷம். முழுசாக உட்கார்ந்து கேட்டது நாலு தடவைதான் இருக்கும்.

இப்போது அதிகம் போடுவது 2018-இல் வந்த 'டெக்கேட்ஸ்' தொகுப்பு. வரிசை தலைகீழ், புதியதில் தொடங்கிப் பழையதற்குப் போகிறது. அந்த 24 நிமிஷப் பாட்டுதான் முதலில், பரிணாமம் அங்கேயே பின்னோக்கித் திரும்பிவிடுகிறது. போகப் போக ஆர்கெஸ்ட்ரா கழன்று விழும், கிட்டார் வேகம் கூடும், வயலின் மறுபடி கீபோர்டாகும். கடைசியில் 1996 டெமோ, அந்தக் குரல், அதற்குப் போதாத ஒரு கிட்டார்.