மாயச்சதுரம் போட எந்த மென்பொருள்?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித்தருகிறேன். ஆறுக்கு ஆறு மாயச்சதுரத்தைக் கையால் போட்டுப் பார்த்தாள் ஒருத்தி. 1 முதல் 36 வரை நிரப்பி, வரிசை, நிரல், மூலைவிட்டம் எதைக் கூட்டினாலும் 111 வர வேண்டும். இரண்டு நாளாகியும் வரவில்லை. "மாஷே, கம்ப்யூட்டர்ல போடலாமா?" என்றாள். அவளுக்காகத்தான் நான்கு மென்பொருள்களையும் திறந்து உட்கார்ந்தேன்.

மேட்லாப், ஆக்டேவ் என்ற கணித மென்பொருள்கள் இரண்டிலும் வேலை ஒரே வரி: மேஜிக்(6). மேட்லாபுக்குக் காசு, ஆக்டேவ் இலவசம். எங்களுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு குறும்பு மட்டும் இரண்டுக்கும் பொது. இரண்டுக்கு இரண்டில் மாயச்சதுரமே கிடையாது. வரிசையும் நிரலும் சமமாக வேண்டுமென்றால் இரு எண்கள் ஒன்றாகிவிடும். ஆனாலும் மேஜிக்(2) என்று கேட்டால், கூட்டல் பொருந்தாத ஒரு சதுரத்தைக் கூசாமல் நீட்டும்.

விடை கிடைத்ததே தவிர வழி தெரியவில்லை. இமேஜ்எஸ்சி கட்டளையில் எண்களை நிறமாக்கியபோதுதான் குட்டு உடைந்தது. ஏழுக்கு ஏழு என்றால் சாய்ந்த பட்டைகள். ஆறுக்கு ஆறு என்றால் நான்கு திட்டுகள்: மேலே வலப்பக்கம் 19 முதல் 27 வரை, அதற்குக் கீழே 10 முதல் 18 வரை. இடப்பக்கம் மேலும் கீழும் மும்மூன்று கட்டங்கள் மட்டும் இடம் மாறி, வேறு நிறத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். சதுரத்தின் அளவு ஒற்றைப்படையா, நான்கின் மடங்கா, மற்ற இரட்டைப்படையா என மூன்று வழிகள் உள்ளே ஓடுகின்றன. 1356இல் கணித கௌமுதி என்ற கணக்கு நூலை எழுதிய நாராயண பண்டிதரும் இப்படித்தான் மூன்றாகப் பிரித்தார்.

பைத்தான் மொழியின் நம்பை என்ற கணக்குத் தொகுப்பில் இதற்கென்று கட்டளை இல்லை, நாமே எழுத வேண்டும். எனக்கு அதுதான் பிடித்தது. ஒற்றைப்படைக்குப் பத்து வரி போதும்: மேல்வரிசை நடுவில் 1, பிறகு மேலே ஒன்று, வலப்பக்கம் ஒன்று, விளிம்பைத் தாண்டினால் எதிர்ப்பக்கம், அங்கே ஆள் இருந்தால் ஒரு கட்டம் கீழே. எட்டாம் வகுப்புப் பிள்ளையே எழுதிவிடும். ஆறுக்கு ஆறு என்று போனால் எனக்கே வியர்க்கிறது.

ஆர் மொழியில் 'மேஜிக்' என்றே ஒரு தொகுப்பு உண்டு. அதன் மேஜிக்பிளாட், 1இலிருந்து கடைசி எண் வரை வரிசையாகக் கோடிழுக்கும். பார்த்தால் புள்ளிக்கோலம் மாதிரி இருக்கும். அழகில் அதற்கே முதலிடம், ஆனால் சதுரம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை அது ஆக்டேவ் அளவுக்குக் காட்டிக்கொடுக்காது.

அவள் ஆக்டேவின் நான்கு திட்டுப் படத்தை நோட்டில் வரைந்துகொண்டு போனாள். மறுநாள் ஆறுக்கு ஆறைக் கையாலேயே போட்டு வந்திருந்தாள்.