கேன்சர் பேக்கேஜ் என்று ரத்தம் எடுக்க வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

குடியாத்தத்தில் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் ஒரு லேப்காரர்கள் முகாம் போட்டார்கள். ஒரே ஊசியில் எல்லா கேன்சரும் முன்கூட்டியே தெரிந்துவிடும், ஆளுக்கு 2,500 ரூபாய் என்றார்கள். அக்காவையும் அம்மாவையும் நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன்.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். அக்காவுக்கு சிஏ 125 (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் அளவு) என்ற வரியில் 78, பக்கத்தில் சிவப்பு எழுத்து. 35க்குள் இருக்க வேண்டுமாம். போன் செய்தால், "ஓவரியில கேன்சர் இருக்கலாம் மேடம், உடனே அடுத்த பேக்கேஜ் எடுத்துடுங்க, 18,000 ஆகும்" என்று கறிகாய் விலை சொல்வது போலச் சொன்னார்கள். அன்று ராத்திரி அக்கா பீரோவைத் திறந்து பிள்ளைகளின் ஆதார், பேங்க் பாஸ்புக், நகைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். அவளுக்கு 38 வயது.

வேலூர் பக்கம் அடுக்கம்பாறை அரசு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா முதலில் கேட்டதே, ரத்தம் எடுத்த அன்று மாதவிலக்கா என்றுதான். ஆமாம், இரண்டாம் நாள். முகாமில் ஒருத்தரும் கேட்கவில்லை. மாதவிலக்கு, கர்ப்பம், ஃபைப்ராய்டு என்ற கர்ப்பப்பைக் கட்டி (கேன்சர் இல்லை), எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்றது வெளியே வளர்வது), வயிற்று டிபி என்று எதிலும் அந்த எண் ஏறுமாம். ஸ்கேனில் ஃபைப்ராய்டுதான் இருந்தது, சினைப்பையில் ஒன்றுமில்லை. அப்புறம் அவரே சொன்னார், சினைப்பைப் புற்றுநோய் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த எண் ஏறாமலே இருக்கும் என்று. இங்கிலாந்தில் 2 லட்சம் பெண்களை வைத்து வருஷக்கணக்கில் ஆராய்ந்து, இந்தச் சோதனையால் சாவு குறையவில்லை என்று 2021இல் சொல்லிவிட்டார்கள். நோய் உள்ளவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் பெரும்பாலும் இது உதவும்.

அம்மாவுக்கு எல்லாமே நார்மல் என்று வந்ததே, அதுதான் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. வருஷக்கணக்காக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர், கன்னத்துக்கு உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு, "அதான் ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு வந்துட்ச்சே" என்று எங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். இந்தப் புற்றுநோய்களுக்கு ரத்தம் எடுத்தால் போதாது: வாய்க்கு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், கர்ப்பப்பை வாய்க்கு பாப் ஸ்மியர் (அங்கிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது) அல்லது எச்பிவி என்ற வைரஸுக்கான சோதனை, மார்புக்கு டாக்டர் கையால் பார்த்துத் தேவைப்பட்டால் மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே. இந்த மூன்றையும் முதலில் பார்த்துச் சொல்ல ஆரம்ப சுகாதார நிலையமே போதும், காசும் கிடையாது.

லேப்காரர்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன், ரிப்போர்ட் கரெக்ட்தானே என்கிறார்கள். அம்மா வாயிலிருந்து ஆஸ்பத்திரியில் கொஞ்சம் சதை எடுத்து சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ரிசல்ட். வருகிற ஞாயிறு அதே லேப் ஆட்கள் பக்கத்து ஊர் கே.வி.குப்பத்தில் முகாம் போடுகிறார்களாம். அங்கே உங்கள் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.