ரயில் பயணம் என்று பணம் வாங்கிப் பேருந்தில் ஏற்றிய ஜப்பான் குழுச் சுற்றுலா: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பயண நிறுவனத்தின் மூலம், 2024 நவம்பரில், முப்பதுக்கும் மேற்பட்டோர் அடங்கிய குழுவில் நானும் என் மனைவியும் ஜப்பான் சென்று வந்தோம். "புல்லட் ரயிலில் ஜப்பான்: நகரங்கள், ஆலயங்கள், உணவு" என்பது அந்தச் சுற்றுலாவுக்கு அவர்கள் வைத்திருந்த தலைப்பு. வாக்களித்த ரயில் பயணங்களில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆலயங்களில் முக்கியமான ஒன்றின் வாசலோடு திரும்பினோம். உணவில் நடந்ததைத் தனியாகவே சொல்ல வேண்டும். புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் அடுத்த பருவத்துக்கான விளம்பரம் அதே வாசகங்களோடு வெளிவந்திருப்பதாலும், பலர் முன்பணம் கட்டிக்கொண்டிருப்பதாக அறிவதாலும், நடந்ததை முறையாகப் பதிவு செய்கிறேன்.

அவர்கள் தந்த பயண நிரலில் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கும், கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கும், அங்கிருந்து ஒசாகாவுக்கும் ஷின்கான்சென் என்னும் புல்லட் ரயிலில் செல்வதாக எழுதியிருந்தது. எந்த ரயில், எத்தனை மணிக்கு, முன்பதிவு செய்த பெட்டியா இல்லையா என்ற விவரம் எதுவும் இல்லை. டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் இடையே, ஷின்கான்செனிலேயே வேகமான நொசோமி ரயில் இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடும். ஒவ்வொரு நிலையத்திலும் நின்று போகும் கொடாமாவோ மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆகவே ரயிலின் பெயரைக் குறிப்பிடாத நிரல் எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. அந்த நிரல் பழைய ஏதோ ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து எழுதப்பட்டது என்பதற்கு இரண்டு தடயங்களும் அதிலேயே இருந்தன. டோக்கியோவின் சுகிஜி சந்தையில் சூரை மீன் ஏலத்தைப் பார்க்கலாம் என்றிருந்தது. அந்த மொத்த விற்பனைச் சந்தை 2018 அக்டோபரிலேயே தொயோசு பகுதிக்கு மாறிவிட்டது, சுகிஜியில் இப்போது இருப்பது வெளிச்சந்தைக் கடைகள் மட்டுமே. ஓடும் ரயிலில் தள்ளுவண்டியில் வரும் சிற்றுண்டியை வாங்கிச் சுவைக்கலாம் என்றும் இருந்தது. டோக்கியோ–ஒசாகா தடத்தில் அந்த விற்பனை 2023 அக்டோபர் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

கியோட்டோவுக்குப் புறப்பட வேண்டிய காலையில் விடுதி வாசலில் பேருந்து ஒன்று நின்றது. ரயில் நிலையம் வரை போவதற்கு என்றுதான் எல்லோரும் நினைத்து ஏறினோம். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் டூர் மேனேஜர் மைக்கைக் கையில் எடுத்து, "இவ்வளவு பெரிய பெட்டிகளை ஷின்கான்செனில் ஏத்த விடமாட்டாங்க சார், உங்க வசதிக்காகத்தான் பஸ் ஏற்பாடு பண்ணினோம்" என்றார். இது முழுப் பொய். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டருக்குள் வரும் பெட்டிக்கு அந்த ரயிலில் எந்தத் தனி நிபந்தனையும் கிடையாது. அதற்கு மேல் 250 சென்டிமீட்டர் வரையுள்ள பெட்டிக்கு, ரயில் பெட்டியின் கடைசி வரிசைக்குப் பின்னால் உள்ள இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்தால் போதும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை, முன்பதிவு செய்யாமல் கொண்டு வந்தால்தான் 1,000 யென் வாங்குவார்கள். அதுவும் வேண்டாமென்றால், பெட்டியை விடுதியிலேயே ஒப்படைத்து மறுநாள் அடுத்த ஊர் விடுதியில் பெற்றுக்கொள்ளும் தக்கியூபின் சேவை நாடு முழுவதும் உண்டு. வருடந்தோறும் ஜப்பானுக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் நிறுவனத்துக்கு இவையெல்லாம் தெரியாமல் இருக்க வழியில்லை.

ஏறத்தாழ 450 கிலோமீட்டரைச் சாலை வழியே, இடையில் சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் நின்று நின்று கடந்தால் பகல் முழுவதும் போய்விடும், போனது. அன்று மாலைக்கு வைத்திருந்தது கின்ககுஜி, அதாவது பொன்னாலயம். அதை 1950இல் ஓர் இளம் துறவி தீ வைத்து எரித்ததையும், 1955இல் அது மீண்டும் கட்டப்பட்டதையும் டூர் மேனேஜர் வழியெல்லாம் விரிவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆலயம் ஐந்து மணிக்கு மூடப்படும் என்பதைச் சொல்லவில்லை. நாங்கள் போய் இறங்கியபோது வாயில் அடைத்திருந்தது. கின்ககுஜியை வெளியில் நின்று பார்க்கவும் முடியாது; உள்ளே போய், குளத்தின் இக்கரையில் நின்றால்தான் பொன் தகடு வேய்ந்த அந்த மாடங்கள் கண்ணில் படும். நாங்கள் பார்த்தது மரங்களும் மதிலும் மட்டுமே. நிரலில் அது "பார்வையிடப்பட்டது" என்று குறிக்கப்பட்டதைப் பின்னால் கண்டோம்.

ஹிரோஷிமாவுக்குப் போக வேண்டிய நாளில் ரயில்கள் தாமதமாக ஓடுவதாகவும், போனால் இரவுக்குள் திரும்ப இயலாது என்றும் சொல்லி, அந்தப் பயணத்தையே கைவிட்டார்கள். அணுகுண்டு நினைவுப் பூங்காவும், கடலுக்குள் நிற்கும் மியாஜிமா தீவின் தோரணவாயிலும் அத்தோடு போயின. எங்கள் விடுதி கியோட்டோ நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தது. குழுவிலிருந்த கோவை இளைஞர் ஒருவர் நேரே நிலையத்துக்குப் போய், அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்த அலுவலரிடமும் விசாரித்து வந்தார். மேற்கு நோக்கிய ரயில்கள் அனைத்தும் குறித்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஜப்பானில் ரயில் தாமதமானால் அதற்குச் சான்றிதழ் தரும் வழக்கம் உண்டு. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் காட்டுவதற்காக மக்கள் அதை வாங்கிப் போவார்கள். அந்தச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று நாங்கள் கேட்டதற்கு டூர் மேனேஜரிடமிருந்து பதில் வரவில்லை.

ரயிலே இல்லை என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா, அதனால் கியோட்டோவிலிருந்து ஷின்-ஒசாகா வரை முன்பதிவில்லாப் பெட்டியில் எங்களை ஏற்றினார்கள். அந்தப் பயணம் சுமார் 15 நிமிடம். பையை மேலே வைத்துவிட்டு உட்கார்ந்து, சன்னலோர இருக்கையை யாருக்கு விடுவது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே இறங்கும்படி அறிவிப்பு வந்துவிட்டது. அதே தூரத்தைச் சாதாரண ரயிலில் அரை மணி நேரத்தில், பாதிக்கும் குறைவான கட்டணத்தில் போகலாம். முன்பதிவு இருக்கைக்கு டோக்கியோ–கியோட்டோ சுமார் 14,000 யென், கியோட்டோ–ஹிரோஷிமா 11,000 யென்னுக்கு மேல், ஹிரோஷிமா–ஒசாகா 10,000 யென்னுக்கு மேல் ஆகிறது. எங்களிடம் ரயிலுக்கென்று வாங்கி ரயிலுக்குச் செலவிடாத தொகை தலைக்குச் சுமார் இருபதாயிரம் ரூபாய் என்று இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி உணவு. குழுவில் பாதிப் பேர் சைவம். பதிவு செய்யும்போதே இதை எழுத்தில் கேட்டு வாங்கியிருந்தார்கள். புத்த ஆலயங்களின் சைவ உணவான ஷோஜின் ரியோரி ஒரு வேளை உண்டு என்றும் நிரலில் போட்டிருந்தார்கள். ஜப்பானிய உணவில் பெரும்பாலான குழம்புகளுக்கும் சாறுகளுக்கும் அடிப்படை தாஷி என்னும் சாறு. அதைப் பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனில்தான் இறக்குவார்கள். கிண்ணத்தில் ஒரு துண்டு இறைச்சி இல்லாவிட்டாலும் அது சைவம் ஆகிவிடாது. இதைச் சொல்லி, உணவகங்களில் முன்கூட்டியே கேட்டு வைப்பதற்குத்தான் வழிகாட்டிக்குப் பணம் தருகிறோம். எங்களுக்குக் கிடைத்ததோ பல நாட்கள் சாற்றில் போட்ட ஊடோன் நூடுல்ஸ்தான். சாறு எதனால் ஆனது என்று ஒருவரும் கேட்டுச் சொல்லவில்லை.

ஒசாகாவில் ஒகோனோமியாகி பரிமாறினார்கள். முட்டைக்கோசை மாவில் கலந்து இரும்புக் கல்லில் ஊற்றும் கனத்த அடை அது. மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த அம்மையாரின் தட்டில், அடையின் சூட்டில் மேலே தூவியிருந்த மெல்லிய பழுப்புச் சீவல்கள் நெளிந்து அசைந்துகொண்டிருந்தன. அது என்ன என்று அவர் கேட்க, டூர் மேனேஜர், "மீன் சீவல்தாம்மா, மேல இருக்கிறதை ஒதுக்கிட்டுச் சாப்பிடுங்க, உள்ள வெறும் கோஸ்தான்" என்றார். அந்த மாவைக் கரைப்பதே பெரும்பாலும் தாஷியில்தான். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, விடுதி அறையில் ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த பருப்புப் பொடியையும் கடையில் வாங்கிய வெறும் சோற்றையும் சாப்பிட்டார். ஷோஜின் ரியோரி கடைசி வரை வரவில்லை. கியோட்டோவின் அராஷியாமாவில் தென்ரியூஜி ஆலய வளாகத்துக்குள்ளேயே அதற்கென ஓர் உணவகம் இருக்கிறது. முன்பதிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹிரோஷிமாவுக்குப் பதிலாக எங்களை அழைத்துப் போன இடம் ஒரு வரியில்லாக் கடை. உள்ளூர்க்காரர் ஒருவரும் இல்லை. சுற்றுலாப் பேருந்துகள் மட்டுமே வரிசையாக நின்றன. இரத்த ஓட்டத்துக்கு மாத்திரை, முழங்காலுக்குப் பட்டை என்று விற்றார்கள். நாரா நகரில் தோதாய்ஜி ஆலயத்தின் மகாபுத்தரைப் பார்க்கக் கொடுத்த நேரத்தைவிட இங்கே அதிக நேரம் உட்கார வைக்கப்பட்டோம்.

ஊர் திரும்பியதும் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து எழுத்தில் புகார் கொடுத்தோம். நிரலில் உள்ள எல்லா இடங்களும் காட்டப்பட்டன, கின்ககுஜி நுழைவுச்சீட்டும் வாங்கப்பட்டது என்று பதில் வந்தது. கின்ககுஜியின் நுழைவுச்சீட்டு சாதாரணச் சீட்டல்ல. தூரிகை எழுத்தும் சிவப்பு முத்திரையும் கொண்ட நீளமான வெள்ளைத்தாள், வீட்டில் ஒட்டி வைக்கும் காப்புத்தாள் போன்றது, உள்ளே போகும் ஒவ்வொருவர் கையிலும் தருவார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோரில் ஒருவரிடமாவது அது இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டு எழுதினோம். அதன்பின், அடுத்த பயணத்தில் பயன்படுத்தச் சொல்லித் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்து வைப்பது நல்லது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு, விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் வரியாக எங்களிடம் 5 விழுக்காடு பிடித்தார்கள். அந்தத் தொகை நம் பான் எண்ணில் செலுத்தப்பட்டால், நம் பெயரில் சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். எங்களில் சிலருக்கு அது இன்னும் ஏறவில்லை. இதையும் புகாரில் சேர்த்திருக்கிறோம்.

முன்பணம் கட்டியிருப்பவர்கள், ஒவ்வொரு ரயில் பயணத்துக்கும் ரயிலின் பெயர், புறப்படும் நேரம், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், முன்பதிவு உண்டா என்ற ஐந்தையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். "குழுச்சீட்டு ஒரே தாள், உங்களிடம் தர முடியாது" என்று சொன்னாலும், அதிலும் தேதியும் தடமும் ஆட்களின் எண்ணிக்கையும் அச்சாகியிருக்கும், படம் எடுக்க அனுமதி கேளுங்கள். தனிச்சீட்டு கையில் தந்தால், இறங்கும் நிலையத்தின் கேட் எந்திரம் அதை விழுங்கிவிடும் முன்பே படம் எடுத்து வையுங்கள்.