டேட்டாலாட்: நான்கு வருடம் பயன்படுத்திய பிறகு

சாயமேற்றிய செல்களை ஒளிரவைத்துக் காட்டும் ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப் படங்களில் செல்களை எண்ணுவது என் வேலை. ஒரு சோதனைக்கு நானூறு ஐநூறு படம் சேரும். ஒருமுறை கட்டுரையை மதிப்பிட்டவர் மூன்றாவது வரைபடத்தைத் திருத்தச் சொன்னார். அது எந்தப் படங்களிலிருந்து, எந்த த்ரெஷோல்டில் (எவ்வளவு பிரகாசமாக இருந்தால் செல் என்று எண்ணுவது என்ற எல்லை) வந்தது என்று தேடவே பதினோரு நாள் போயிற்று. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புதுசு' என மூன்று ஃபோல்டர். மூன்றிலும் வேறு வேறு எண்கள். அந்த மாதமே டேட்டாலாட்டுக்கு மாறினேன்.

தரவுக் கோப்புகளையும் அவற்றில் நடக்கும் மாற்றங்களையும் கண்காணிக்கும் இலவச மென்பொருள் இது. கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மேலும், பெரிய கோப்புகளைக் கிட்டோடு கையாள ஜோயி ஹெஸ் 2010இல் தொடங்கிய கிட்-அனெக்ஸ் மேலும் எழுப்பப்பட்டது. நான் அதிகம் நம்புவது இதன் 'ரன்' கட்டளையை. செல்களை எண்ணும் ஸ்கிரிப்டை அதன் வழியே ஓட்டினால், கொடுத்த கட்டளையும் நாம் குறிப்பிட்ட உள்ளீடு, வெளியீடுகளும் கமிட்டிலேயே (ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும் பதிவு) பதிவாகிவிடும். 'ரீரன்' கொடுத்தால் அதே வேலை மறுபடி ஓடும்.

இரண்டாம் வருடம் அப்படி ஓட்டியபோது எண்கள் லேசாக மாறின. ஸ்கிரிப்டும் அதே, படங்களும் அதே. இடையில் கணினியில் இருந்த, படங்களைக் கையாளும் நிரல் நூலகத்தை அப்டேட் செய்திருந்தோம். வெளியீடு மாறியது கமிட்டில் தெரிந்ததால்தான் பிடிக்க முடிந்தது. அதன்பின் டேட்டாலாட்டின் கன்டெய்னர் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, ஸ்கிரிப்ட் ஓடத் தேவையான மென்பொருள் சூழலையும் சிங்குலாரிட்டி இமேஜாக, அதாவது ஒரே கோப்பாகக் கட்டி, தரவோடே வைத்திருக்கிறேன்.

தொல்லைகளும் உண்டு. கோப்புகள் பூட்டியே இருக்கும். "அக்கா, சேவ் ஆக மாட்டேங்குது" என்று புது மாணவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். முதலில் 'அன்லாக்' செய்யச் சொல்லிக்கொடுக்க வேண்டும். விண்டோஸில் இன்னும் சிரமம். ஆனால் வேறெங்கும் பிரதி இருப்பது உறுதியாகாமல் 'ட்ராப்' செய்ய, அதாவது இங்குள்ள பிரதியை அழிக்க, விடாது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

சென்ற வருடம் வேறு ஆய்வகத்து மாணவி ஒருத்தி என் படங்களை எடுத்துப் பயன்படுத்தினாள். "ஒரு தேதிக்குப் பிறகு எல்லாம் பிரகாசமா இருக்கே, ஏன்?" என்று கேட்டாள். அன்று மைக்ராஸ்கோப்பின் மெர்குரி விளக்கை மாற்றியிருந்தோம். அதே த்ரெஷோல்டில் செல்கள் கூடுதலாக எண்ணப்படும். இது என் நோட்டில் இருந்தது, தரவில் இல்லை. ஓடிய கட்டளையைத்தான் மென்பொருள் பதியும். விளக்கு மாறியதை நாம்தான் எழுத வேண்டும்.

இப்போது ஒவ்வொரு நாள் ஃபோல்டரிலும் ஒரு சிறு குறிப்பு உண்டு: சாயத்தின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), விளக்கு எரிந்த மணிநேரம், படம் எடுத்தவர், செல் தட்டில் கணக்கில் சேர்க்காமல் விட்ட குழிகளும் அதன் காரணமும். அன்றைக்கே எழுதிவிட வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து எழுதியவை இரண்டு முறை தவறாகிவிட்டன. பழைய படங்களுக்கு நோட்டுகளைப் பார்த்து நிரப்பி வருகிறேன். ஏழு ஃபோல்டர்களுக்குச் சாயத்தின் லாட் எண் கிடைக்கவே இல்லை. அங்கெல்லாம் 'தெரியவில்லை' என்றே எழுதி சேவ் செய்திருக்கிறேன்.